‘ஆடி மாதம்’ என்றார். தவறு என்று எழுதிக்கொண்டார்கள்

என் தந்தை 34 ஆண்டுகள் மும்பையில், மாட்டுங்காவிலிருந்து மஸ்ஜித் பந்தருக்கு, எல்லா நிலையங்களிலும் நிற்கும் ஸ்லோ லோக்கல் ரயிலில் வேலைக்குப் போய்வந்தவர். சென்ற ஆண்டு ஜூன் மாதத்தில் ஒரு மாலை, தாதரில் காய்கறி வாங்கிக்கொண்டு திரும்பும்போது ஃபாஸ்ட் வண்டியில் ஏறிவிட்டார். ஃபாஸ்ட் வண்டி தாதரை விட்டால் குர்லாவில்தான் நிற்கும் என்பது மாட்டுங்காவில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கும் தெரிந்த செய்தி. அவர் காட்கோபரில் இறங்கி, நடைமேடையில் நின்றபடி என்னைத் தொலைபேசியில் அழைத்தார். “மாட்டுங்கா ஸ்டேஷனை எங்கேயோ மாத்திட்டாங்கடா, வண்டி நிக்கவே இல்லை” என்றார். அவர் குரலில் பதற்றம் இல்லை. ரயில்வே மீது சிறு கோபம்தான் இருந்தது.

யோசித்துப் பார்த்தால், அதற்கு முந்தைய ஓராண்டாகவே பிசகுகள் இருந்திருக்கின்றன. சொசைட்டி மெயின்டனன்ஸுக்கு ஒரே மாதத்தில் இரண்டு காசோலைகள் எழுதினார். பேத்தியின் பெயர்சூட்டு விழாவில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர், அந்த விழாவுக்குத் தன்னை யாரும் அழைக்கவே இல்லை என்று சாதித்தார். இவற்றையெல்லாம் அம்மா எங்களிடம் சொல்லவில்லை. மறைத்தார் என்று சொல்வதும் நியாயமாகாது. ஐம்பது ஆண்டு தாம்பத்தியத்தில் ஒருவர் விட்ட சொல்லை மற்றவர் எடுத்துக்கொடுப்பது மூச்சு விடுவதைப் போல நடக்கிற காரியம். எடுத்துக்கொடுக்கும் சொற்கள் கூடிக்கொண்டே போனதை அவர் எண்ணிப் பார்த்திருக்கவில்லை.

காட்கோபர் சம்பவத்துக்கு மறுநாள் எங்கள் பகுதி மருத்துவரிடம் போனோம். 78 வயதாகிறது, இந்த வயதில் மறதி வரத்தான் செய்யும் என்று சொல்லி, சத்து மாத்திரை எழுதிக்கொடுத்து அனுப்பிவிட்டார். அன்று வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. காத்திருந்தவர்களில் பாதிப் பேர் காய்ச்சல்காரர்கள். மும்பையில் மழைக்காலத்தில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால், அது மலேரியாவா, டெங்குவா, தேங்கிய நீரில் நடந்ததால் வந்த லெப்டோ என்னும் எலிக்காய்ச்சலா என்று பார்க்க உடனே இரத்தம் எடுக்கச் சொல்கிறார்கள். ‘காய்ச்சல்’ என்று சொல்லி அனுப்பிவிட்டால் வீட்டார் சண்டைக்கே வந்துவிடுவார்கள். ஆனால் மறதி என்று வரும்போது மட்டும், அறிகுறியின் பெயரையே நோயின் பெயராக ஏற்றுக்கொண்டு, மருத்துவரும் வீட்டாரும் சேர்ந்தே பேசாமல் இருந்துவிடுகிறோம். நானும் அப்படித்தான் ஒரு மாதம் இருந்தேன்.

டிமென்ஷியா என்பது ஒரு நிலையைக் குறிக்கும் சொல். நினைவு, மொழி, திட்டமிடல், இடம் அறிதல், நடத்தை ஆகியவற்றில் ஒன்றோ பலவோ, முன்பு தனியாகச் செய்துவந்த அன்றாட வேலைகளை இனிச் செய்ய முடியாத அளவுக்குத் தளர்ந்துவிட்டன என்பதே அதன் பொருள். அந்தத் தளர்ச்சிக்கு என்ன காரணம் என்பதை அச்சொல் சொல்வதில்லை. காரணங்களில் அல்சைமர் நோய் முதலிடத்தில் இருப்பது உண்மை. உலக சுகாதார நிறுவனம் அதை 60 முதல் 70 விழுக்காடு என்கிறது. தமிழில் நாம் வழங்கும் ‘முதுமை மறதி’ என்ற தொடர் மீது எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. 1901-இல் பிராங்க்பர்ட் மருத்துவமனையில் அலாய்ஸ் அல்சைமர் சோதித்த அவுகுஸ்டே டெட்டர் என்ற பெண்மணிக்கு அப்போது வயது 51; அவரிடம் முதலில் தென்பட்டதோ மறதியன்று, கணவர் மீது காரணமில்லாத சந்தேகம். அந்த நோய்க்குப் பெயர் வரக் காரணமாக இருந்த முதல் நோயாளிக்கே ‘முதுமை’யும் பொருந்தவில்லை, ‘மறதி’யும் முழுதாகப் பொருந்தவில்லை.

ஜூலைக் கடைசியில் ஒரு பெரிய மருத்துவமனைக்குப் போனோம். அங்கே ஓர் இளைஞர் படிவத்தை வைத்துக்கொண்டு இந்தியில் மளமளவென்று கேள்வி கேட்டார். இது என்ன மாதம் என்று கேட்டதற்கு அப்பா, “ஆடி” என்றார். இளைஞர் நிமிர்ந்தே பார்க்காமல் தவறு என்று குறித்துக்கொண்டார். நான் குறுக்கிட்டு, அது சரியான விடைதான், நீங்கள் ஜூலை என்று எதிர்பார்க்கிறீர்கள் என்று விளக்க முயன்றபோது, கூட வந்தவர்கள் பேசக்கூடாது என்றார். சில கேள்விகள் அப்பாவின் காதிலேயே விழவில்லை. அவருக்கு இடது காது மந்தமாகிப் பல காலம் ஆகிறது. 30-க்கு 19 என்று மதிப்பெண் வந்தது. அடுத்த அறையில் பத்து நிமிடத்துக்குள் அல்சைமர் என்று முடிவு சொல்லப்பட்டு, டோனிபெசில் மாத்திரையோடு நாங்கள் வெளியே வந்துவிட்டோம். அவர்கள் சொன்ன பெயர் முழுப் பொய்யாகவும் இருக்கவில்லை என்பது பிறகு தெரிந்தது. ஆனால் வழி தெரியாமல் ஊர் போய்ச் சேருவதற்கும் வழி தெரிந்து போவதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

இப்படிப்பட்ட சோதனைகளில் மொழிக்கும் படிப்புக்கும் உள்ள பங்கு சிறியதன்று. உலகெங்கும் பரவிய 30 மதிப்பெண் சோதனையை மார்ஷல் ஃபோல்ஸ்டீனும் உடன் பணியாற்றியவர்களும் 1975-இல் அமெரிக்காவில் வெளியிட்டார்கள். அதை எழுத்தறியாத கிராமத்தாரிடம் அப்படியே கேட்டால் நலமாக இருப்பவரும் தோற்றுப்போவார் என்பதால், ஹரியானாவின் பல்லப்கட் பகுதியில் மேரி கங்குலியின் குழுவினர் அதை மாற்றியமைத்து 1995-இல் இந்தி வடிவமாக வெளியிட்டார்கள். இதற்கு மறுபக்கமும் உண்டு. நன்றாகப் படித்தவரோ கணக்கெழுதிப் பழகியவரோ, மூளையில் கணிசமான சேதம் நடந்த பிறகும் நல்ல மதிப்பெண் வாங்கித் தப்பிவிடுவார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னபோது என் தந்தை, இளைஞர் போதும் என்று சொன்ன பிறகும் இரண்டு வரை இறங்கிவிட்டுத்தான் நிறுத்தினார். சுவர்ணா அல்லாடியின் குழு ஹைதராபாதில் 648 நோயாளிகளை ஆராய்ந்து 2013-இல் வெளியிட்ட கட்டுரையில், இரு மொழி பேசுபவர்களுக்கு ஒரு மொழி மட்டும் பேசுபவர்களைவிட டிமென்ஷியா அறிகுறிகள் சுமார் நாலரை ஆண்டுகள் தாமதமாகத் தொடங்கியிருந்ததாகக் கண்டார்கள். வீட்டில் தமிழ், அலுவலகத்தில் ஆங்கிலம், ரயிலில் இந்தி, காய்கறிக்காரரிடம் மராட்டி என்று வாழ்ந்த எங்கள் மாட்டுங்காத் தலைமுறைக்கு அந்தச் சேமிப்பு எவ்வளவு கைகொடுத்ததோ!

டோனிபெசில் தொடங்கி மூன்று வாரத்தில் அப்பாவுக்குச் சிறுநீர் அவசரம் அதிகமாயிற்று. அதற்காக வேறொரு மருத்துவரிடம் போனபோது அவர் ஆக்ஸிபியூட்டினின் எழுதிக்கொடுத்தார். அதன் பிறகு அப்பா பகலிலேயே தூங்கி வழிந்தார்; கூடத்தில் உட்கார்ந்துகொண்டு வீட்டுக்குப் போகலாம் என்று கேட்டார். நோய் முற்றுகிறது என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

செப்டம்பரில், அலுவலக நண்பர் ஒருவர் சொல்லி, மூன்றாவதாக ஒரு நரம்பியல் மருத்துவரைப் பார்த்தோம். நாள் குறித்துக்கொள்ளத் தொலைபேசியில் பேசியபோதே அவரது உதவியாளர் இரண்டு விஷயங்களைக் கேட்டார். வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரைகளையும், கடையில் தானாக வாங்கியவை உட்பட, ஒரு பையில் போட்டுக் கொண்டுவர வேண்டும். எந்த மாற்றம் எப்போது தொடங்கியது என்று வீட்டார் ஒரு தாளில் எழுதி வர வேண்டும். நானும் அம்மாவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து அந்தத் தாளை எழுதினோம். அப்போதுதான் அம்மா இரட்டைக் காசோலைக் கதையையே சொன்னார்.

அந்த மருத்துவர் முதல் நாற்பது நிமிடங்கள் எந்தச் சோதனையும் செய்யவில்லை. திடீரென்று தொடங்கியதா, மெல்ல மெல்லவா, படிப்படியாக இறங்கியதா, சரிவாக இறங்கியதா, முதலில் போனது பெயர்களா, வழியா, சுபாவமா, தூக்கத்தில் கை கால்களை உதறிச் சத்தம் போடுகிறாரா, நடை மாறியதா, கீழே விழுந்தாரா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அப்பாவிடம் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் அப்பா முதலில் அம்மாவின் முகத்தைத் திரும்பிப் பார்த்தார். மருத்துவர் அதைக் கவனித்துக் குறித்துக்கொண்டார். நோயாளி இப்படித் துணையின் பக்கம் தலை திருப்புவதே அல்சைமரில் அடிக்கடி காணும் ஓர் அடையாளம் என்று பின்னர் எங்களிடம் சொன்னார். மனச்சோர்வால் மறதி வந்தவர்கள் பெரும்பாலும் துணையைத் தேடுவதில்லை. தெரியாது என்று சொல்லிவிட்டு முயற்சியையே கைவிட்டுவிடுவார்கள் என்றார். இந்த வேறுபாடு எல்லோருக்கும் அச்சடித்தாற்போலப் பொருந்தாது என்பதையும் சேர்த்தே சொன்னார்.

பிறகு எங்கள் பையை மேசையில் கவிழ்த்தார். பதினோரு அட்டைகள் விழுந்தன. அவர் ஆறை ஒரு பக்கமும் ஐந்தை மறுபக்கமும் பிரித்து அடுக்கினார். அந்த ஐந்தில் ஆக்ஸிபியூட்டினின் இருந்தது. சளிக்காக அப்பா கெமிஸ்டிடம் தானாக வாங்கிப் போட்டுக்கொண்டிருந்த, குளோர்பெனிரமின் கலந்த மாத்திரை இருந்தது. எப்போதோ தூக்கத்துக்காக எழுதித் தரப்பட்டு நான்கு ஆண்டுகளாக நின்றபாடில்லாத அல்பிரசோலம் இருந்தது. சர்க்கரைக்கான மெட்ஃபார்மினும், அமிலத்துக்கான பான்டோபிரசோலும் இருந்தன. மூளையில் நினைவுக்கு வேண்டிய அசிட்டைல்கோலின் என்ற பொருளைக் கூட்டுவதற்காகத் தரப்படுவது டோனிபெசில். ஆக்ஸிபியூட்டினினும் குளோர்பெனிரமினும் அதே பொருளின் வேலையைத் தடுப்பவை. ஒருவர் விளக்கேற்ற, இருவர் பின்னால் நின்று ஊதி அணைத்துக்கொண்டிருந்தார்கள். விளக்கேற்றிய மருந்தின் பக்க விளைவுக்காகத்தான் அணைக்கும் மருந்தே வந்தது என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கிறது. அல்பிரசோலத்தை மட்டும் ஒரே நாளில் நிறுத்தக்கூடாது, வாரக்கணக்கில் குறைத்துக்கொண்டே வர வேண்டும் என்று அட்டவணை போட்டுக் கொடுத்தார்.

மீதி இரண்டு மாத்திரைகளை அவர் ஏன் அந்தப் பக்கம் வைத்தார் என்பது இரத்தப் பரிசோதனையில் தெரிந்தது. மெட்ஃபார்மினும் அமிலத்தைக் குறைக்கும் மருந்துகளும் நீண்ட காலம் எடுத்துக்கொண்டால் பி12 வைட்டமினை உடல் உள்ளே வாங்குவது குறைகிறது. அப்பாவோ பிறந்ததிலிருந்து சைவம். 200-க்கு மேல் இருக்க வேண்டிய அளவு அவருக்கு 118 இருந்தது. இரத்தசோகை இல்லை என்பதால் யாரும் சந்தேகப்படவில்லை. இரத்தசோகை இல்லாமலேயே பி12 குறைவு நரம்பைத் தாக்கும் என்பதை நான் அன்றுதான் அறிந்தேன். நாங்கள் எழுதிக்கொண்டு போன தாளில், இப்போதெல்லாம் செருப்பு கழன்று விழுந்தால்கூட இவருக்குத் தெரிவதில்லை என்று அம்மா போகிற போக்கில் ஒரு வரி சேர்த்திருந்தார். மருத்துவர் அந்த வரியின் கீழ்தான் கோடிட்டார். கால் மரத்துப்போவதற்கு அவரது சர்க்கரையும் காரணமாக இருக்கலாம்; ஆனால் பி12 பார்க்காமல் அதைச் சர்க்கரையின் தலையில் கட்டிவிட முடியாது.

தைராய்டு, சோடியம், சிறுநீரகம், கல்லீரல், கால்சியம் ஆகியவற்றையும் பார்த்தார்கள், ஒழுங்காக இருந்தன. காது பரிசோதனை செய்தபோது இரண்டு காதிலும் குறை தெரிந்தது. காது கேளாமை சோதனையைக் கெடுப்பதோடு நிற்பதில்லை. 2024-இல் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் வெளியிட்ட, டிமென்ஷியாவுக்கான மாற்றக்கூடிய 14 ஆபத்துக் காரணிகளின் பட்டியலில் அதுவும் இருக்கிறது.

எம்.ஆர்.ஐ. படத்தைப் பற்றி ஒரு வார்த்தை. படம் எடுத்துவிட்டால் விடை அதில் அச்சாகி வந்துவிடும் என்று நான் நம்பியிருந்தேன். படம் முதலில் செய்கிற வேலை, வேறு சிலவற்றை விலக்குவதுதான். மூளைக்கு வெளியே தேங்கிய பழைய இரத்தம், கட்டி, தேங்கிய மூளைநீர் ஆகியவை இல்லை என்று அது சொல்ல வேண்டும். எங்கள் கட்டடத்திலேயே இரண்டாம் மாடித் தாத்தா ஒருவர் குளியலறையில் லேசாக வழுக்கி விழுந்து, ஆறு வாரம் கழித்துத் தடுமாறிப் பேசத் தொடங்கியபோது, படத்தில் இரத்தக்கசிவு தெரிந்து, மண்டையோட்டில் துளையிட்டு அதை வடித்த பின் பழையபடி செய்தித்தாள் படிக்கத் தொடங்கினார். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு அந்த ஆபத்து இன்னும் அதிகம். மூளைநீர் தேங்கும் வகையை 1965-இல் கொலம்பியாவைச் சேர்ந்த சாலமோன் ஹக்கீம் விவரித்தார்: பாதம் தரையில் ஒட்டிக்கொண்டதுபோன்ற நடை, சிறுநீர் கட்டுப்படாமை, மந்தமாகும் சிந்தனை மூன்றும் சேர்ந்து வரும். முதுகுத்தண்டிலிருந்து 30 முதல் 50 மில்லி வரை நீரை எடுத்துவிட்டு நடக்கச் சொல்வார்கள்; நடை தேறினால் வடிகுழாய் வைத்துப் பார்க்கலாம் என்று அறிகிறார்கள்.

அப்பாவின் படத்தில் அவை எதுவும் இல்லை. ஆனால் மூளையின் நரம்பிழைகள் ஓடும் வெண்பொருளில் திட்டுத்திட்டான மாற்றங்களும், எங்களுக்கு எப்போதுமே தெரியாமல் நடந்து முடிந்திருந்த இரண்டு சிறிய பக்கவாதங்களின் தழும்புகளும், நினைவைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸ் பகுதியில் மிதமான சுருக்கமும் இருந்தன. ஆக, ஒரே மனிதரிடம் வைட்டமின் குறை, மருந்துகளின் கேடு, காது மந்தம், இரத்தக்குழாய் நோய், பெரும்பாலும் தொடக்கநிலை அல்சைமர் என்று ஐந்தும் குடியிருந்தன. முதியோரின் மூளைகளை இறப்புக்குப் பின் ஆராய்ந்தவர்கள் இத்தகைய கலப்பையே அதிகம் காண்கிறார்கள். எது காரணம் என்று நான் திரும்பத் திரும்பக் கேட்டபோது மருத்துவர், எது எவ்வளவு என்று கேளுங்கள் என்று திருத்தினார்.

சரிசெய்யக்கூடிய காரணம் கிடைத்துவிட்டால் எல்லாம் திரும்பிவிடும் என்ற நம்பிக்கையையும் அவர் வளர்க்கவில்லை. 2003-இல் கிளார்ஃபீல்டு பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மாற்றக்கூடிய காரணம் இருந்தவர்கள் சுமார் 9 விழுக்காடு. உண்மையில் தேறியவர்கள் 1 விழுக்காடுகூட இல்லை. இந்த எண்ணைக் காட்டி, பிறகு எதற்குப் பரிசோதனை என்று கேட்பவர்களை நான் சந்தித்திருக்கிறேன். முழுதாகத் திரும்பாதது வேறு, தேவையில்லாமல் மேலும் இழப்பது வேறு. அதோடு, காரணத்தின் பெயர் தெரியாவிட்டால் கொடுக்கக்கூடாததைக் கொடுத்துவிடும் ஆபத்து இருக்கிறது. அறையில் குழந்தைகள் விளையாடுகிறார்கள் என்று தெளிவாகப் பார்த்துச் சொல்லும் பெரியவரை, காற்று கருப்பு என்று மந்திரிக்க அழைத்துப்போகும் வீடுகள் நம்மில் இன்னும் உண்டு. அது லூயி உடல் டிமென்ஷியாவாக இருந்தால், அவரை அமைதிப்படுத்த ஹாலோபெரிடால் போன்ற மருந்தைக் கொடுப்பது அவரை அப்படியே முடக்கிவிடக்கூடும். அறுபது வயதுக்கு முன்பே நாகரிகம் மறந்து, கூச்சம் மறந்து, இனிப்புக்கு அலைபவரை மனநோயாளி என்றோ திமிர் பிடித்தவர் என்றோ சொல்வதற்குள், நெற்றிப்பொட்டு மடல் டிமென்ஷியாவை ஒருமுறை நினைக்க வேண்டும். நேற்றுவரை நன்றாக இருந்தவர் இன்று காலை தடுமாறினால் அது வேறு கதை. பெரும்பாலும் சிறுநீர்த் தொற்று, சோடியம் குறைவு, புதிய மருந்து போன்றவற்றால் வரும் திடீர்க் குழப்பம் அது. ஒரு நாளும் காத்திராமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இரத்தத்திலேயே அல்சைமரைக் கண்டுபிடிக்கலாமே என்று என் தங்கை டெல்லியிலிருந்து கேட்டாள். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2025 மே மாதத்தில் அத்தகைய ஓர் இரத்தப் பரிசோதனைக்கு அனுமதி அளித்தது உண்மைதான். அதுவும் அறிகுறி உள்ள, 55 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு. நலமாக இருக்கும் முதியவர் பலரின் மூளையிலும் அல்சைமரோடு தொடர்புடைய அமிலாய்டு என்ற புரதம் படிந்திருப்பதால், அறிகுறியே இல்லாதவர் ஆர்வத்தில் எடுத்துப் பார்க்கும் பரிசோதனையன்று அது. அமிலாய்டை அகற்றும் லெக்கானிமாப் போன்ற மருந்துகள் தொடக்கநிலையில் நோயின் வேகத்தைச் சற்றே குறைப்பவை. மூளையில் வீக்கமும் கசிவும் உண்டாக்கக்கூடியவை. பழைய பக்கவாதத் தழும்புகள் உள்ள அப்பாவுக்கு அந்தப் பேச்சை மருத்துவர் எடுக்கவே இல்லை.

பி12 ஊசி முதலில் தினமும், பிறகு வாரந்தோறும், இப்போது மாதந்தோறும் போகிறது. காதுக்கருவியை அப்பா காலையில் மாட்டிக்கொண்டு மதியம் கழற்றிவிடுகிறார். இரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைத்திருக்கிறோம். நிறுத்திவைத்திருக்கும் டோனிபெசிலை மீண்டும் தொடங்கலாமா என்பது இன்னும் முடிவாகவில்லை. கூடத்தில் உட்கார்ந்துகொண்டு வீட்டுக்குப் போகலாம் என்று கேட்பது ஆக்ஸிபியூட்டினின் நின்ற பத்தே நாளில் நின்றது.

செப்டம்பரில் தமிழ் தெரிந்த உளவியலாளர் ஒருவர் தமிழிலேயே அப்பாவைச் சோதித்தார். கடிகாரம் வரைந்து பதினொன்று பத்து மணியைக் காட்டச் சொன்னபோது, அப்பா வட்டத்தை அழகாக வரைந்தார், பன்னிரண்டு எண்களையும் கணக்கர் கையெழுத்தில் வரிசையாக இட்டார். சிறிய முள்ளைப் பதினொன்றில் வைத்தார். பெரிய முள்ளை இரண்டில் வைக்காமல் நேராகப் பத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டு, முடிந்தது என்று அம்மாவைப் பார்த்தார். கேட்ட சொல்லிலிருந்து மனத்தை விலக்க முடியாமல் போவதன் அடையாளம் அது. ஐந்து நிமிடம் கழித்துச் சொல்ல வேண்டிய ஐந்து சொற்களில் ஒன்றுகூட வரவில்லை. மொத்தம் 30-க்கு 20.

மார்ச் மாதத்தில் அதே உளவியலாளர், அதே அறை. பெரிய முள் பத்தை நோக்கிப் போய், பாதியில் நின்று, இரண்டுக்கு வந்தது. ஐந்து சொற்களில் ஒன்று கிடைத்தது. மொத்தம் 23. இது என்ன மாதம் என்று கேட்டபோது அப்பா அம்மாவைப் பார்க்காமலே சொன்னார். “மார்ச். பங்குனி பிறந்து ஒரு வாரம் ஆச்சு, அதையும் எழுதிக்கோங்க.” தேதியைக் கேட்டபோது மட்டும் திரும்பி அம்மாவைப் பார்த்தார்.